ஸ்பிளெண்டர் வாங்கலாமா? தினமும் 54 கிலோமீட்டர் ஓட்டுபவனின் கேள்வி-பதில்

எனக்கு வீடு தஞ்சாவூர் மாவட்டப் பாபநாசத்தில், வேலை தஞ்சாவூரில். போக 27 கிலோமீட்டர், வர 27 கிலோமீட்டர். 2011-ல் ஹீரோ கம்பெனியின் 100 சிசி பைக்கான ஸ்பிளெண்டரை வாங்கிப் பத்து வருடம் ஓட்டினேன். 2021-ல் வாங்கியதும் ஸ்பிளெண்டர்தான். அது இப்போது 68,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் வண்டி வாங்கும் முன் என்னிடம் வந்து கேட்பார்கள். சமீபத்தில் என் தங்கை மகனுக்கு வேலை கிடைத்ததும், "மாமா, ஸ்பிளெண்டர் எடுக்கட்டுமா?" என்று கேட்டான். அவனுக்கும் மற்றவர்களுக்கும் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

வளவளவென்று வேண்டாம். வாங்கலாமா, வேண்டாமா?

உங்கள் தினசரிப் பாதையை 60 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டி முடிக்க முடியும் என்றால் தைரியமாக வாங்குங்கள். அந்த வேகத்துக்குள் இந்த வண்டியைக் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. குறைகள் எல்லாம் 60-க்கு மேல்தான் தலைகாட்டுகின்றன: பிரேக், அதிர்வு, காற்று, வெளிச்சம், ஓவர்டேக் எல்லாமே. மைலேஜைப் பார்த்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். முதலில் பாதையைப் பாருங்கள் என்பேன்.

இத்தனை வருடமாக இந்த வண்டி எப்படி நிலைத்து நிற்கிறது?

ஹீரோவும் ஜப்பானின் ஹோண்டாவும் 1984-ல் கூட்டுச் சேர்ந்தன. 1985-ல் சிடி 100 வந்தது. ரோட்டில் பெரும்பாலும் ஸ்கூட்டரும், புகை கக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளும், புல்லட்டும் ஓடிய காலம் அது. பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், ஒரு லிட்டரில் அதுவரை பார்க்காத தூரம் போகலாம் என்ற இரண்டு காரணங்களுக்காகவே ஃபோர் ஸ்ட்ரோக் சிடி 100-ஐ ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். அதே வழியில் 1994-ல் வந்தது ஸ்பிளெண்டர். 2010 டிசம்பரில் இரண்டு கம்பெனிகளும் பிரிவதாக அறிவித்தன, அடுத்த வருடம் பெயர் ஹீரோ மோட்டோகார்ப் ஆனது. ஆனாலும் ஸ்பிளெண்டரின் 97.2 சிசி இன்ஜின் போகவில்லை. 2020 ஏப்ரலில் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி வந்தபோது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. படுத்தாற்போல் இருக்கும் சிலிண்டரும் நாலு கியரும் அப்படியே தொடர்கின்றன.

இதனால் நமக்கு என்ன லாபம் என்றால், எந்தக் கிராமத்து மெக்கானிக்குக்கும் இந்த இன்ஜின் மனப்பாடம். அய்யம்பேட்டையில் வண்டி நின்றாலும் பசுபதிகோவிலில் நின்றாலும் கிளட்ச் ஒயரோ பிளக்கோ பக்கத்துக் கடையிலேயே கிடைத்துவிடும். மாலை ஏழு மணிக்கு, வீட்டுக்கு இன்னும் 15 கிலோமீட்டர் இருக்கையில், அதன் அருமை தெரியும்.

மைலேஜ் உண்மையில் எவ்வளவு வரும்?

நான் ஓட்டும் விதத்தில் லிட்டருக்கு 62-லிருந்து 66 கிலோமீட்டர் வரை வருகிறது. ஊருக்குள் சிக்னல் சிக்னலாக நின்று ஓட்டுபவர்களுக்கு 55-க்கும் இறங்கலாம். 80 என்று யாராவது சொன்னால் எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்வதும், 200 ரூபாய்க்குப் போட்டு எத்தனை நாள் வந்தது என்று சொல்வதும் கணக்கில் சேராது.

சரியாக அளக்க ஒரே வழிதான் உண்டு. டேங்கை நிரப்பிக்கொண்டு கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நானூறு கிலோமீட்டர் போல ஓடியதும் அதே பங்கில், வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மறுபடி அதே அளவுக்கு நிரப்புங்கள். போன மாதம் 412 கிலோமீட்டருக்கு எனக்கு 6.4 லிட்டர் பிடித்தது. வகுத்தால் 64 வருகிறது. ஒரு தடவை அளந்ததை மட்டும் நம்பாமல் மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள்.

மைலேஜ் குறைந்தால் நான் முதலில் பார்ப்பது டயர் காற்று. முன்னால் 25 பிஎஸ்ஐ, தனியாகப் போகும்போது பின்னால் 28. இரண்டு பேர் போவதாக இருந்தால் பின் டயருக்குக் கூடுதலாக வேண்டும், எவ்வளவு என்பது வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. அடுத்து, பிரேக் உரசுகிறதா என்று பார்ப்பேன். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் இரண்டு மூன்று சுற்றாவது சுற்ற வேண்டும். அரைச் சுற்றில் நின்றால் பிரேக் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் அடுத்தது ஏர் பில்டர். குறுவை அறுவடைக் காலத்தில் எங்கள் ரோட்டில் நெல் தூசி பறக்கும். அந்த ஒரு மாதம் பில்டரை இரண்டு முறை பார்த்துவிடுவேன்.

எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் வண்டி கெட்டுப்போகுமா?

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் மைலேஜ் கொஞ்சம் குறைவது இயற்கை. எனக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. 2023-க்குப் பிறகு செய்த வண்டிகளின் ரப்பர் பாகங்கள் இதற்கென்றே மாற்றப்பட்டவை. என்னுடையது 2021 மாடல் என்பதால் ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் டியூபை வளைத்துப் பார்க்கச் சொல்கிறேன். வெடிப்பு தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான், பெரிய செலவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் வண்டியை மாதக்கணக்கில் அரை டேங்கோடு நிறுத்தி வைக்காதீர்கள். தினமும் ஓடுகிற வண்டிக்கு இந்தக் கவலை குறைவு.

மாதம் எவ்வளவு மிச்சமாகும்?

என் கணக்கையே சொல்கிறேன். மாதம் 25 நாள், நாளுக்கு 54 கிலோமீட்டர், மொத்தம் 1,350. லிட்டருக்கு 65 கிடைத்தால் 21 லிட்டருக்கும் குறைவு. லிட்டர் 100 ரூபாயை ஒட்டி இருக்கும்போது 2,100 ரூபாய் ஆகிறது. இதே தூரத்தை 45 கொடுக்கும் வண்டியில் ஓட்டினால் 30 லிட்டர், 3,000 ரூபாய். மாதம் 900 ரூபாய் வித்தியாசம், வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். இரண்டு டயர், ஒரு செயின் செட், நல்ல ஹெல்மெட் எல்லாம் அதிலேயே வாங்கிவிடலாம். உண்மையில் அந்தப் பணத்தை அதற்குத்தான் செலவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

தினமும் பத்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் மாதம் 170 ரூபாய் போலத்தான் வரும். அவர்கள் மைலேஜுக்காக மட்டும் இந்த வண்டியை எடுக்க வேண்டியதில்லை.

பராமரிப்பு சுலபம் என்கிறார்களே, சும்மா விட்டுவிடலாமா?

சுலபம்தான், ஆனால் சும்மா விடக்கூடாது. இந்த வண்டி எவ்வளவு அலட்சியத்தையும் தாங்கும் என்பதாலேயே நிறையப் பேர் இதைப் பாழாக்குகிறார்கள்.

ஆயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினில் நிற்பது ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில். அதுதான் பிஸ்டனுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் எல்லாவற்றுக்கும். ஆயில் குறைந்திருப்பதை ஓட்டும்போது கண்டுபிடிக்க முடியாது. மாதம் ஒருமுறை டிப் ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்து, திருகாமல் அப்படியே உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே இருந்தால் போதும். நான் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 10டபிள்யூ30 ஆயில் மாற்றிவிடுகிறேன். தினமும் இவ்வளவு தூரம் ஓடுகிற வண்டிக்கு அது வீண் செலவாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் செயின். ஸ்பிளெண்டரில் செயினை முழுக்க மூடிய கவர் இருக்கிறது. சேறும் மண்ணும் உள்ளே போகாமல் காப்பதால் மழைக்காலத்தில் பெரிய உபகாரம். ஆனால் கண்ணுக்குத் தெரியாததை யாரும் கவனிப்பதில்லை. கவரின் அடிப்பக்கத்தில் சின்ன ரப்பர் மூடி ஒன்று உண்டு. அதைப் பிடுங்கிவிட்டு விரலை உள்ளே விட்டுச் செயினை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஆடினால் சரி. அதற்கு மேல் தொங்கினால் கவரில் அடித்துக் கடகடவென்று சத்தம் வரும், கியர் மாற்றும்போது வண்டி ஒரு உதறு உதறும். அந்தச் சத்தத்தைக் கேட்டும் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செயின் மட்டும் தேய்வதோடு முடியாது, செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பல்லும் சேர்ந்து கூராகிவிடும். பிறகு செட்டாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கார்புரேட்டர் வண்டியில் பேட்டரி செத்தாலும் கிக்கரை மிதித்து எடுத்துவிடலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப் ஓடவும் கரண்ட் வேண்டும். பேட்டரி சுத்தமாகப் போய்விட்டால் கிக்கரும் கைகொடுக்காமல் போகலாம். செல்ஃப் அடிக்கும்போது இழுவை கேட்டால் அன்றைக்கே காட்டிவிடுங்கள். பழைய வண்டிபோல ரிசர்வ் காக்கும் இதில் கிடையாது. முள் அடியில் நிற்கும்வரை ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுவது பம்புக்கு நல்லது.

டிரம் பிரேக் போதுமா?

இதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சாதாரண மாடலில் முன்னும் பின்னும் 130 மில்லிமீட்டர் டிரம்தான். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு இணைந்த பிரேக் கட்டாயம் என்பதால் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். வெறும் கால் பிரேக்கை நம்பியே ஓட்டுபவர்கள் நம் ஊரில் மிக அதிகம். அவர்களுக்கு இது உண்மையான பாதுகாப்பு.

50, 55 வேகத்தில் நன்றாகச் சரிசெய்த டிரம் பிரேக் போதுமானது. வேகம் கூடினால் நிற்கும் தூரம் அதே விகிதத்தில் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 60-லிருந்து 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் ஏறியிருக்கும். நிற்கத் தேவைப்படும் தூரமோ கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகிவிடும். அந்த இடத்தில் இந்த டிரம் கை விரிக்கிறது. தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் நீர் புகுந்து சில விநாடி பிடிப்பே இருக்காது. தண்ணீரைத் தாண்டியதும் மெதுவாக ஓட்டியபடி இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்துக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் இது எனக்கு அனிச்சைச் செயலாகவே ஆகிவிட்டது.

டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூ தேய்ந்ததைக் கண்டுபிடிக்க டிரம்மைக் கழற்ற வேண்டாம். பிரேக்கை முழுதாகப் பிடித்துக்கொண்டு, டிரம் தட்டில் இருக்கும் அம்புக்குறி எதிரில் உள்ள குறியைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது. நட்டை இன்னும் இறுக்கி நாளைக் கடத்தாதீர்கள்.

ஸ்பிளெண்டரிலேயே எக்ஸ்டெக் என்ற வகையில் முன்னால் டிஸ்க் பிரேக்கோடும் வண்டி வருகிறது. விலை கூடுதல்தான். தம்பிமார் யார் கேட்டாலும், கடன் வாங்கியாவது டிஸ்க் உள்ளதையே எடு என்றுதான் சொல்கிறேன்.

பிரேக்கோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது டயர். 2018 தையில், சம்பா அறுவடை நேரம். ரோட்டில் வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். என் பழைய வண்டியின் பின் டயர் வழவழவென்று தேய்ந்திருந்தது, அடுத்த மாதம் மாற்றலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். 40 வேகம் கூட இருக்காது. பின் பிரேக்கை மிதித்ததும் வண்டி பக்கவாட்டில் போனது, நானும் போனேன். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டு ஆறு வாரம் கட்டு. தள்ளிப்போட்டது என் தவறு. டயரின் விலையைவிட அந்த ஆறு வாரத்தின் விலை மிக அதிகம். டயர் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளம் மறையத் தொடங்கிய அன்றே டயரை மாற்றிவிடுங்கள்.

நான்கு வழிச்சாலையில் தினமும் போகலாமா?

போகலாம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டியின் எடை 112 கிலோ, சக்தி 8 குதிரைத்திறன். 60-ல் முனகாமல் ஓடும். 70-ல் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்டும் அதிரத் தொடங்கும். 80-ல் இன்ஜின் அலறும், அதற்கு மேல் கேட்டாலும் கொடுக்க அதனிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு பஸ் 90-ல் கடந்தால் அதன் காற்று முதலில் உங்களைத் தள்ளும், பிறகு உறிஞ்சி இழுக்கும். 112 கிலோ வண்டியில் அது வயிற்றைக் கலக்கும் அனுபவம். லாரியை ஓவர்டேக் செய்யப் பாதி தூரம் போன பிறகு "இன்னும் கொஞ்சம் பிக்கப் இருந்தால் நல்லது" என்று நினைக்கிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரும் புதிய நான்கு வழிச்சாலை இருந்தும் நான் அய்யம்பேட்டை வழியாகப் பழைய ரோட்டிலேயே போகிறேன். பத்து நிமிடம் கூடுதலாகும். வேறு வழியே இல்லை, தினமும் நான்கு வழிச்சாலைதான் என்றால் ஐந்து கியரும் டிஸ்க்கும் உள்ள 125 சிசி வண்டிக்குப் போய்விடுங்கள். அங்கே மைலேஜைப் பார்க்காதீர்கள்.

ராத்திரியில் வெளிச்சம் எப்படி?

சுமார். சாதாரண மாடலில் இருப்பது 35 வாட் ஹாலோஜன் பல்பு. தெருவிளக்கு இல்லாத ரோட்டில் 45, 50-க்கு மேல் போனால் வெளிச்சம் காட்டும் தூரத்துக்குள் உங்களால் நிறுத்த முடியாது. எங்கள் பக்கம் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லரும், ரோட்டோரம் படுத்திருக்கும் மாடும் சகஜம். எல்.இ.டி. முகப்பு விளக்கோடு வரும் வகை பரவாயில்லை. கடையில் விற்கும் அதிக வாட் பல்பை வாங்கி மாட்டாதீர்கள், ஹோல்டரும் ஒயரும் சூட்டில் உருகும், எதிரில் வருபவருக்குக் கண் கூசும். கண்ணாடியைத் துடைத்து, விளக்கின் சாய்வைச் சரிசெய்தாலே பாதி குறை தீரும். மீதிக்கு வேகத்தைக் குறைப்பதுதான் மருந்து.

டபுள்ஸ் போனால் இழுக்குமா? புடவை கட்டியவர்கள் உட்காரலாமா?

இழுக்கும். சீட் நீளமாகவும் தட்டையாகவும் இருப்பதால் பின்னால் உட்காருபவருக்கு வசதி. பாலம் ஏறும்போது மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

புடவை கார்டைக் கழற்றாதீர்கள். வண்டி "ஸ்டைலாக" இருக்கட்டும் என்று கழற்றிப் பரணில் போடும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு பதறுகிறது. பின் சக்கரத்தின் பாதியையாவது மூடும் தடுப்பு, கைப்பிடி, கால் வைக்கும் இடம் மூன்றும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்ற ஒரு விநாடி போதும். உட்கார்ந்ததும் முந்தானையை இழுத்து மடியில் செருகிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் நான் வண்டியை எடுப்பேன்.

ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை உள்ள குழந்தையோடு போனால் குழந்தைக்கு ஹெல்மெட், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் மூன்றும் 2023 பிப்ரவரியிலிருந்து சட்டம். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய்.

முதுகு வலி வருமா?

நிமிர்ந்து உட்காரும் வண்டி என்பதால் எனக்கு வரவில்லை. சீட் உயரம் 785 மில்லிமீட்டர், ஐந்தே கால் அடி உயரமுள்ளவருக்கும் இரண்டு காலும் தரையில் ஊன்றும். ஆறடி ஆட்களுக்கு முட்டி மடங்கி இடைஞ்சலாக இருக்கும். அவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சிக்னலில் தானாக அணைகிறதே, அது நல்லதா?

அதற்கு ஐ3எஸ் என்று பெயர். நியூட்ரலில் ஐந்து விநாடி நின்றால் இன்ஜின் அணையும், கிளட்சைப் பிடித்தால் திரும்ப ஓடும். பெரிய சிக்னலில் பிரயோஜனம். ஊர்ந்து நகரும் நெரிசலில் எனக்கு எரிச்சலாக இருப்பதால் ஸ்விட்சை அணைத்துவிடுவேன்.

ஸ்கூட்டர், எக்ஸெல், எலெக்ட்ரிக் இவற்றோடு ஒப்பிட்டால்?

ஸ்கூட்டரின் பலம், வீட்டில் எல்லோரும் ஓட்டலாம், காலடியில் காய்கறிப் பை வைக்கலாம். பலவீனம் சக்கரம். ஸ்பிளெண்டரின் சக்கரம் 18 அங்குலம், ஸ்கூட்டருடையது பெரும்பாலும் 10 அல்லது 12. பள்ளம் விழுந்த ரோட்டில் பெரிய சக்கரம் தாண்டிவிடும், சின்னச் சக்கரம் உள்ளே இறங்கி ஏறும். மழைக்குப் பிந்தைய எங்கள் ரோட்டில் இந்த ஒன்றுக்காகவே பைக்தான்.

நெல் மூட்டை, பால் கேன், பூக்கூடை ஏற்றுபவர்களுக்கு ஸ்பிளெண்டர் வேண்டாம். ஓசூர்க்காரர்களின் டிவிஎஸ் எக்ஸெல் 100-க்கு அந்த வேலையில் இணை கிடையாது. கிளட்சும் இல்லை, கியரும் இல்லை, முன்னால் தட்டையாக இடம் இருக்கிறது.

இதே 100 சிசியில் ஹோண்டா ஷைன் 100, பஜாஜ் பிளாட்டினா, 110 சிசியில் டிவிஎஸ் ரேடியான் எல்லாமே நல்ல வண்டிகள். மேடு பள்ளத்தில் பிளாட்டினாவின் சஸ்பென்ஷன் இதைவிட மெத்தென்று இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். பணம் இடித்தால் ஹீரோவிலேயே எச்எஃப் டீலக்ஸ் இருக்கிறது. இன்ஜின் இதே 97.2 சிசிதான், விலை குறைவு.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமே இப்போது செய்கிறார்கள். தினமும் 30, 40 கிலோமீட்டர் ஓட்டம், வீட்டு வாசலில் சார்ஜ் போட வசதி, கையில் கூடுதலாக முதல் பணம் மூன்றும் இருந்தால் பெட்ரோல் வண்டி எதுவும் ஓட்டச் செலவில் அதனிடம் நிற்காது. மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் சார்ஜுக்கு என்ன வழி என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோட்டுக்கு வரும்போது மொத்தம் எவ்வளவு ஆகும்?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் சாதாரண மாடலின் ஷோரூம் விலை எழுபதாயிரத்துச் சொச்சத்துக்கு வந்தது. அதன் மேல் தமிழ்நாட்டில் ஆயுள்கால வரி, ஒரு லட்சம் வரையிலான வண்டிக்கு 10 சதவீதம். ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், இந்தப் பிரிவு வண்டிக்கு 3,851 ரூபாயும் அதன் வரியும். பதிவுக் கட்டணம் தனி.

பில்லை வரி வரியாகக் கேட்டு வாங்குங்கள். 2021-ல் நான் போன ஒரு கடையில் கிராஷ் கார்டு, சீட் கவர், பாலிஷ் எல்லாம் சேர்த்துப் "பேக்கேஜ்" என்று 5,000 ரூபாயை நான் கேட்காமலேயே எழுதியிருந்தார்கள். வேண்டாம் என்றதும் வண்டி கிடைக்க ஒரு மாதமாகும் என்றார்கள். எழுந்து வந்து பக்கத்து ஊரில் வாங்கினேன், ஆறாம் நாள் வண்டி வந்தது.

பழைய வண்டி வாங்கலாமா?

லாபம்தான், ஆனால் மறுவிற்பனை விலை இறங்காத வண்டி என்பதால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மலிவாகக் கிடைக்காது. குளிர்ந்த இன்ஜினை உங்கள் கையால் ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். முறுக்கினால் நீலப் புகை வருகிறதா, கைப்பிடி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35 கையில் இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கையெழுத்துப் போட்ட வெறும் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள், ஒரு விபத்து நடந்தால் இரண்டு குடும்பமும் தவிக்கும். பதிவாகி 15 வருடத்தை நெருங்கும் வண்டி என்றால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கான செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

திருடு போகும் என்கிறார்களே?

எங்கும் ஓடுகிற வண்டி, எந்தப் பாகமும் உடனே விலைபோகும். அதனால் கவனம் தேவை. ஹேண்டில் லாக்கோடு சக்கரத்துக்கும் ஒரு பூட்டு போடுங்கள். பஸ் ஸ்டாண்டு வாசலில் விட்டுப்போவதற்கு 10, 20 ரூபாய் கொடுத்து ஸ்டாண்டில் விடுவது மேல்.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்து முன்பணம் கட்டாதீர்கள். தெரிந்தவர் வண்டியைக் கேட்டு வாங்கி, நீங்கள் தினமும் போகும் பாதையில், நீங்கள் தினமும் போகும் நேரத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். கியர் முறையும் பழகும், முன்னால் மிதித்தால் ஏறும், குதிகாலால் பின்னால் மிதித்தால் இறங்கும். பின்னால் வழக்கமாக யார் உட்காருவார்களோ அவர்களையும் கூட்டிப்போங்கள்.

தங்கை மகனிடமும் இதையே சொல்லி என் வண்டியைக் கொடுத்தேன். அவனுக்குச் சுவாமிமலையிலிருந்து கும்பகோணம், பத்து கிலோமீட்டருக்குள்தான் வேலை. வாரத்தில் இரண்டு நாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். என் தங்கைக்கு மூட்டு வலி. சேலையோடு பக்கவாட்டில் ஏற மூன்று தடவை முயன்றாள், ஃபுட்ரெஸ்டில் காலை வைத்து எழும்பும்போது முகம் சுருங்கியது. அவன் வண்டியை அணைத்து ஸ்டாண்டு போட்டுவிட்டு, "மாமா, ஸ்கூட்டரே பார்ப்போம்" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போய் ஒரு ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தோம்.